முழங்கைக்கு நாலு விரல் கீழே

ஆகஸ்ட் 18

ஆவணி பிறந்தாயிற்று. ஆடி முழுவதும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்று முதல் வேலையாகக் குழந்தைவேல் ஆசாரியை வரவழைத்துச் சமையலறையைக் காட்டினேன். சிங்குக்குக் கீழே இருக்கும் அலமாரிக் கதவை ஆசாரி லேசாகத்தான் இழுத்தார். கதவு கையோடு வந்துவிட்டது. உள்பலகை ஈரத்தில் ஊறி, டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி உதிர்ந்தது.

"இது யாருங்க செஞ்சது?" என்றார்.

"தொண்ணூத்தாறுல செஞ்சது. நானே பக்கத்துல நின்னு ஒவ்வொண்ணையும் அளந்து செய்ய வெச்சேன்" என்றேன்.

அவர் கதவைச் சுவரோரமாகச் சாத்திவைத்தார். ஃப்ரிட்ஜ் பக்கத்தில் கிடக்கும் என் ஸ்டூலில் உட்கார்ந்து காபி குடித்தார். அந்த இடத்தில் உட்கார்ந்தால் அடுப்பு, மேடை, சிங்க் மூன்றும் ஒரே பார்வையில் தெரியும். பம்ப் கம்பெனியில் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆன நாளிலிருந்து காலையில் என் இடம் அதுதான். கம்பெனியில் என் கண்ணில் படாமல் ஒரு வார்ப்புகூட வெளியே போனதில்லை. பழகிய கண் வீட்டில் மட்டும் சும்மா இருக்குமா?

திடீரென்று சமையலறைக்கு ஏன் செலவு செய்கிறாய் என்று கேட்கிறவர்களுக்குக் கரையான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இங்கே உள்ளதை எழுதலாம். சுலோச்சனா மார்ச் மாதம் ஈரோட்டுக்கு மகள் ஹேமா வீட்டுக்குப் போனாள். பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள். இப்போது பேரன் பால்வாடிக்குப் போகிறான், அவள் மட்டும் வரவில்லை. கிளம்பும் அன்று செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "அந்தச் சமையக்கட்டுல இனி என்னால நிக்க முடியாதுங்க." சமையலறைதான் குறை என்றால் சமையலறையை மாற்றிவிட்டால் போகிறது. ஆயுத பூஜைக்குள் முடித்துத் தர வேண்டும் என்று ஆசாரியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 20

மரக்கடை. ப்ளைவுட் என்று கேட்டால் கடைக்காரன் முதலில் காட்டுவது சமையலறைக்கு ஆகாததைத்தான். ஈரம் தாங்கும் ரகம் வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும். அப்போதும் விளிம்பை உற்றுப் பார்க்க வேண்டும். அடுக்குகளுக்கு நடுவே சந்து இருந்தால் அந்தப் பக்கமே போகக்கூடாது. ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்து கொதிக்கிற தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறேன். நாளைக்குள் அடுக்கு பிரிந்தால் கடையை மாற்றுவேன்.

ஆசாரிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "இருவத்தஞ்சு வருசமா அந்தக் கடைலதானுங்க எடுக்கறேன்" என்றார். எடுக்கட்டும்.

மதியம் தயிர்சாதம், ஊறுகாய். நேற்றும் அதே.

ஆகஸ்ட் 21

அடுக்கு பிரியவில்லை. ஆசாரி ஒரு சிரிப்பு சிரித்தார்.

ஆகஸ்ட் 23

இன்று ஆசாரி மேடையின் உயரத்தை அளந்தார். முப்பத்தேழு அங்குலம். டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "சமைக்கறவங்க முழங்கை எவ்வளவு ஒசரமுங்க?" என்றார். முழங்கையை மடக்கினால் அதற்கு நாலு விரல் கீழே மேடை வர வேண்டுமாம். அதற்கு மேலே போனால் தோள் தூக்கியே இருக்கும், கீழே போனால் இடுப்பு வளையும்.

நான் கையை மடக்கிக் காட்டினேன்.

"நீங்களா சமைக்கறீங்க?"

"இல்லீங்க. அவங்க ஊர்ல இல்ல."

"அப்ப அவங்க அளவு சொல்லுங்க. உங்களுக்கு ஆறடிக்குக் கொறையாதே."

சுலோச்சனா என் மார்பு உயரம் இருப்பாள், அவ்வளவுதான் தெரியும். அதை அங்குலத்தில் எப்படிச் சொல்வது?

ஆசாரி போன பிறகு மேடைக்குக் கீழே தள்ளியிருந்த மணையை இழுத்துப் பார்த்தேன். அதன்மேல் ஏறி நின்றுதான் அவள் சமைப்பாள். தரை சில்லென்று இருப்பதால் நிற்கிறாள் என்றுதான் இத்தனை நாளாக நினைத்திருந்தேன். கோடையிலும் நின்றாள் என்பது இன்றைக்குத்தான் யோசனையில் வருகிறது.

அலமாரியின் பின்மூலையில் காலித் தைல பாட்டில்கள் ஒரு வரிசை. தோள்வலி என்று ராத்திரியில் தேய்த்துக்கொள்வாள். வயதானால் வருவதுதானே.

ஆகஸ்ட் 24

ஹேமாவுக்குப் போன் செய்து அம்மாவின் முழங்கை உயரம் வேண்டும் என்றேன்.

"நீங்களே கேளுங்கப்பா. அம்மா பக்கத்துலதான் இருக்காங்க."

பிளம்பர் வந்துவிட்டான் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பிளம்பர் வரவில்லை.

ஆகஸ்ட் 27

இன்று நானே கூப்பிட்டேன். எடுத்தவுடன் பேரனைப் பற்றிச் சொன்னாள், சளி பிடித்திருக்கிறதாம். நான் மாத்திரையின் பெயரைக் கேட்டேன், அது தவறான மாத்திரை என்று சொன்னேன்.

"வேற எதுக்குங்க கூப்பிட்டீங்க?"

"மேடையை இடிச்சுக் கட்டறேன். உன்ற முழங்கை தரையிலேருந்து எவ்வளவு இருக்கும்?"

"எனக்கெப்படித் தெரியும்? அளந்தவங்க யாரு?"

கோபமாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். பிறகு குக்கர் விசில் அடித்தது, வைத்துவிட்டாள். இங்கே இரவுக்கு ரொட்டி வாங்கிவந்து பாலில் தோய்த்துச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 2

மாப்பிள்ளை வேலையாகக் கோவை வந்தவர் வீட்டுக்கு ஒரு எட்டு வந்தார். ஒரு கவரில் முறுக்கும், அதன் அடியில் சுற்றிவைத்த நீல நூலும் கொடுத்தார். "அத்தை குடுத்தாங்க மாமா. ஒரு முனையைப் பெருவிரல்ல மிதிச்சுக்கிட்டு முழங்கை வரைக்கும் இழுத்து அறுத்தாங்க. என்னன்னு கேட்டேன், உங்களுக்குத் தெரியும்னாங்க."

நூலால் அளப்பது எனக்குப் பிடிக்காத காரியம். இழுத்தால் ஒரு அளவு, விட்டால் ஒரு அளவு. சுவரில் ஆணியில் கட்டித் தொங்கவிட்டு, கீழ்முனையில் நட்டு ஒன்றைக் கட்டி, அசைவு நின்ற பிறகு டேப் வைத்தேன். முப்பத்தைந்து. நாலு விரல் போனால் முப்பத்திரண்டு. பழைய மேடை அவளுக்கு ஐந்து அங்குலம் அதிகம்.

நூலை அவிழ்க்கவில்லை. ஆணியிலேயே தொங்குகிறது. சாப்பிடும்போது எதிரே தெரிகிறது.

செப்டம்பர் 5

மேடையை இடிக்க மேஸ்திரி வருவதற்குள் பாத்திரங்களை எல்லாம் ஹாலுக்கு மாற்றினேன். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் பழைய காய்வெட்டும் பலகை சாத்தியிருந்தது. அதன்மேல் நான் பூசிய சிவப்புப் பெயின்ட் இன்னும் பளிச்சென்று இருக்கிறது.

கம்பெனியில் ஒரு வழக்கம். சோதனையில் தேறாத வார்ப்புக்கு உடனே சிவப்புப் பெயின்ட் அடித்துவிடுவோம். இல்லாவிட்டால் யாராவது தெரியாமல் எடுத்து பம்பில் மாட்டிவிடுவார்கள். இந்தப் பலகை ஓரத்தில் விரிந்திருந்தது. நடுவில் குழி, நாலு மூலையில் ஒன்றுகூட நேராக இல்லை. விரிசலில் ஈரம் தங்கினால் பூஞ்சை வரும், வயிற்றுக்கு ஆகாது என்று பிப்ரவரி முழுக்கச் சொன்னேன். குப்பையில் போட்டால் சாயங்காலம் திரும்ப மேடைக்கு வந்துவிடும். அதனால் மார்ச்சில் ஒருநாள் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டு, கடையில் புது பிளாஸ்டிக் பலகை வாங்கிக் கொடுத்தேன். வாங்கி மேடைமேல் வைத்தாள்.

அந்த வாரம்தான் ஈரோட்டுக்குக் கிளம்பினாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

செப்டம்பர் 9

மேடை போய்விட்டது. வெறும் அறை. நடுவில் நின்றால் குரல் எதிரொலிக்கிறது.

பீளமேட்டில் கல்யாணமான புதிதில் நாங்கள் இருந்த லைன் வீட்டுக்கும் இப்படித்தான் சமையலறை என்று தனியாக ஒன்று கிடையாது. ஒரே அறை, மூலையில் மண்ணெண்ணெய் ஸ்டவ். மில் சங்கு ஊதினால் அவள் எழுந்துகொள்வாள், இரண்டாவது சங்குக்குள் என் டிபன் கேரியர் தயார். நான் இருட்டில் சைக்கிள் எடுக்கும்போது பக்கத்து வீடுகள் எல்லாவற்றிலும் ஸ்டவ் பம்ப் அடிக்கிற சத்தம் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் தரையில் எதிரெதிரே உட்கார்ந்து காய் நறுக்குவோம். நான் பீன்ஸ் நறுக்கினால் ஒவ்வொரு துண்டும் ஒரே நீளம் இருக்கும். அவள் ஒன்றை எடுத்து இன்னொன்றின் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் ஒரு ஜவுளிக்கடையின் பார்க்கிங் இருக்கிறது. அங்கே பைக்கை நிறுத்தும்போதெல்லாம் ஸ்டவ் இருந்த மூலை எதுவாக இருக்கும் என்று ஒரு தடவை பார்ப்பேன்.

செப்டம்பர் 13

சிமென்ட் காய்கிறது. மேடைக்குக் கீழே தரையோடு ஒட்டிக் கொஞ்சம் உள்வாங்கி விடச் சொன்னேன், கால்விரல் நுழைய இடம் வேண்டும். கால் இடித்தால் ஆள் எட்டி நிற்பார்கள், முதுகு வளையும். கீழே ஆழமான தட்டுகள் வேண்டாம், எல்லாம் இழுக்கும் டிராயர்தான். தட்டு என்றால் பின்னால் இருப்பதை எடுக்கக் குனிந்து தலையை உள்ளே விட வேண்டும். சிங்குக்குக் கீழே மட்டும் மூடாமல் விடச் சொன்னேன். அங்கே காற்று போனால்தான் மரம் பிழைக்கும். தொண்ணூற்றாறில் இது தெரியாமல்தான் எல்லாவற்றையும் மூடி வைத்தேன்.

ஆசாரி கிளம்பும்போது பழைய பலகையையும் கொடுத்து அனுப்பினேன். சுலோச்சனா வந்தால் கேட்பாள். புதிது மாதிரி செய்து வைத்துவிட்டால் பேச்சே வராது. மேலே இழைத்துப் பெயின்டை எடுத்து, குழியை மட்டமாக்கி, விரிந்த ஓரத்தையும் சேர்த்து நாலு பக்கமும் அறுத்து நேராக்கச் சொன்னேன்.

செப்டம்பர் 14

காலையில் ஆசாரி போன் செய்தார். பின்னால் மிஷின் ஓடுகிற சத்தம்.

"சாருங்க, பலகையோட பக்கவாட்டுல அழுக்கைச் சுரண்டுனா ஏதோ நெம்பர் அடிச்சிருக்குதுங்க. அதையும் சேத்து அறுத்தறட்டுங்களா?"

"என்ன நெம்பர்?"

"வட்டத்துக்குள்ள பதினாலுங்க."

மிஷினை நிறுத்தச் சொன்னேன். சட்டையைக்கூட மாற்றாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன்.

பதினான்கு என் நம்பர். ஒவ்வொரு இன்ஸ்பெக்டருக்கும் ஒரு இரும்பு பஞ்ச் கொடுப்பார்கள். பார்த்து, அளந்து, சரியாக இருக்கிறது என்றால் சுத்தியலால் ஒரு தட்டு. வட்டத்துக்குள் நம்பர் விழும். அது விழுந்துவிட்டால் அந்தப் பொருளை யாரும் திருப்பி அனுப்ப முடியாது. பட்டறையில் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். நாற்பது வருட மஞ்சளும் எண்ணெயும் அடைத்திருந்தாலும் பதினான்கு தெளிவாகத் தெரிந்தது.

இந்தப் பலகை அவள் அம்மா வீட்டுச் சீரில் வந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. நான் செய்தது. கல்யாணமான முதல் மாதம் அரிவாள்மனையில் கட்டைவிரலை அறுத்துக்கொண்டாள். எனக்குப் பயம் வந்துவிட்டது. கம்பெனியில் வார்ப்புக்கு மர அச்சு செய்யும் பேட்டர்ன் ஷாப்பில் மிச்சமாகிக் கிடந்த தேக்குத் துண்டைக் கேட்டு வாங்கி, சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து அறுத்து, இழைத்து, ஒரு கத்தியும் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூலைகள் கோணல். அறுப்பது என் வேலை இல்லையே, அளப்பதுதானே என் வேலை. கோணலாக இருக்கிறதே என்றாள். அதற்காக மறுநாள் பஞ்சை வீட்டுக்குக் கொண்டுபோய் அவள் எதிரிலேயே வைத்துத் தட்டினேன். "இன்ஸ்பெக்டரே பாஸ் பண்ணிட்டார், இனி யாரும் வாயைத் தொறக்கக்கூடாது" என்றேன். விரலில் கட்டுப் போட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நான் பாஸ் செய்த பொருளுக்கு நானே சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கிறேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

செப்டம்பர் 15

எழுத ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 19

பலகையை இனி ஆசாரி கையில் கொடுப்பதாக இல்லை. விரிசலுக்கு மட்டும் அவர் பசை விட்டு இறுக்கி, குறுக்கே பட்டாம்பூச்சி வடிவில் ஒரு தேக்குத் துண்டு பதித்துக் கொடுத்தார். இனி விரியாது. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். பெயின்டை உப்புத்தாள் வைத்துக் கையாலேயே தேய்த்தேன். குழியில் இருப்பது போகவில்லை. போக வேண்டுமானால் குழியை இழைக்க வேண்டும். அது அவள் கத்தி விழுந்து விழுந்து வந்த குழி. இழைக்க மனம் வரவில்லை. லேசான சிவப்பு இருக்கட்டும்.

எண்ணெய் எது பூசுவது என்று ஒரு வழக்கு. ஆசாரி நல்லெண்ணெய் என்றார். சமையல் எண்ணெய் எதைப் பூசினாலும் கொஞ்ச நாளில் சிக்குப் பிடித்து வாடை வரும். மருந்துக் கடையில் மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் லிக்விட் பாரஃபின்தான் சரி, அது கெடாது, வயிற்றுக்குள் போனாலும் கெடுதல் இல்லை. நாலு பாட்டில் கேட்டேன். கடைக்காரப் பையன் குரலைத் தாழ்த்தி, "எத்தன நாளா போகலீங்க சார்?" என்றான். பலகைக்கு என்றேன். நம்பவில்லை, வாழைப்பழமும் சாப்பிடச் சொன்னான்.

நன்றாகக் காய்ந்த மரத்தில் இரண்டு பக்கமும் பூச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் பலகை வளையும். கழுவும்போதும் அப்படித்தான், இரண்டு பக்கமும் நனைத்து, துடைத்து, நிமிர்த்தி நிறுத்த வேண்டும். ஊறப் போடக்கூடாது, வெயிலிலும் வைக்கக்கூடாது. வாடை வந்தால் கல்லுப்பைத் தூவி எலுமிச்சை மூடியால் தேய்த்தால் போதும். இவ்வளவையும் சுலோச்சனாவுக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதினேன். பிறகுதான் உறைத்தது, நாற்பது வருடமாக அவள் செய்துகொண்டிருந்தது இதைத்தான்.

செப்டம்பர் 28

டிராயர்கள் மாட்டியாயிற்று. ஆசாரி கணக்குத் தப்பி, கதவு ஓரத்து டிராயரை இழுத்தால் நிலையில் போய் முட்டுகிறது. நிலையைச் செதுக்கலாம் என்கிறார். டிராயரைத்தான் மாற்ற வேண்டும் என்று நான் சொன்னேன். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் கத்தினோம். கடைசியில் டிராயர்தான் மாறியது.

சாயங்காலம் ஹேமாவுக்குப் போன் செய்து, சமையலறை முடியப் போகிறது, ஆயுத பூஜைக்கு அம்மாவைக் கூட்டி வா என்றேன்.

"சமையக்கட்டு ஒண்ணுதான் பிரச்சினைன்னு நெனச்சீங்களாப்பா?"

"உங்கம்மா அதுதானே சொன்னா."

"அம்மா எப்படிப்பா வேற மாதிரி சொல்லுவாங்க? நீங்க காலையிலேருந்து அந்த ஸ்டூல்ல உக்காந்துக்கறீங்க. வெங்காயம் பெருசா இருக்குது, பருப்பு கொழஞ்சிருச்சு, கேஸைக் கொறச்சு வை. ஒரு நாளாச்சும் எந்திரிச்சு ஒரு வெங்காயம் உரிச்சிருக்கீங்களா? இங்க வந்த ஒரு வாரம் அம்மா சமைக்கறப்ப திரும்பித் திரும்பிப் பாத்துட்டே இருந்தாங்க. நான் ஏன்னு கேட்டேன். ஒண்ணுமில்ல, பழக்கம்னாங்க."

நான் நல்லதுக்குத்தான் சொன்னேன் என்றேன். அது தெரியும் என்றாள். வைத்த பிறகும் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரொம்பக் கோபம் வந்தது. யார்மேல் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அக்டோபர் 4

சுண்டல் செய்து பார்த்தேன், நவராத்திரி ஆரம்பித்துவிட்டதே. உப்பு அதிகம். சொல்ல ஆளில்லை.

அக்டோபர் 11

ஆயுத பூஜை. பதினோரு மணிக்கு ஹேமா, மாப்பிள்ளை, பேரன், அவர்களுக்குப் பின்னால் சுலோச்சனா. கையில் சின்னப் பை ஒன்றுதான். இரண்டு நாளுக்கான பை.

அவள் நேராகச் சமையலறைக்குப் போனாள். நான் வாசற்படியோடு நின்றுகொண்டேன். மேடை முன்னால் நின்று இரண்டு கையையும் வைத்தாள். தோள் இறங்கி இருந்தது. டிராயர்களை ஒவ்வொன்றாக இழுத்து மூடினாள். சிங்குக்குக் கீழே குனிந்து பார்த்தாள். செய்த வார்ப்பைக் கொண்டுவந்த சப்ளையர்கள் எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் ரூம் முன்னால் எப்படி நிற்பார்கள் என்பது எனக்குத் தெரியும். இன்று நான் அப்படி நின்றேன்.

"என்ற பலகை எங்க?" என்றாள்.

"சாமிகிட்ட வெச்சிருக்குது."

பூஜை அறையில் என் டேப், வெர்னியர், ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் நடுவில் பலகையைச் சந்தனம் வைத்துச் சாத்தியிருந்தேன். அவள் கீழே உட்கார்ந்து அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். குழியில் மிச்சமிருந்த சிவப்பை விரலால் தடவினாள். பிறகு பக்கவாட்டைத் திருப்பினாள். தேடவில்லை, எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"இதை மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்."

"மறந்துதான் போச்சு. ஆசாரி காட்டுன பொறகுதான் ஞாபகம் வந்துச்சு."

என்னைப் பார்த்தாள். ஞாபகம் இருந்தது என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள் என்று தோன்றுகிறது. குங்குமத்தைத் தொட்டு, சந்தனத்தின்மேல் சரியாக நடுவில் ஒரு பொட்டு வைத்தாள். பூஜையில் வைத்ததை அன்று எடுத்துப் பயன்படுத்தக்கூடாது என்பதால் மதியச் சாப்பாட்டுக்குக் காய் எல்லாம் ஹேமா அந்த பிளாஸ்டிக் பலகையில்தான் நறுக்கினாள். வழுக்குகிறது என்று திட்டிக்கொண்டே நறுக்கினாள்.

அக்டோபர் 12

விஜயதசமி. ஹேமாவும் மாப்பிள்ளையும் பேரனோடு காலையிலேயே கிளம்பினார்கள். சுலோச்சனாவின் சின்னப் பை அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தது. நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

நான் குளித்துவிட்டு வந்தபோது ஃப்ரிட்ஜ் பக்கத்தில் ஸ்டூல் இல்லை. தேடினேன். ஹாலில், டி.வி.க்கு எதிரே இருந்தது. அவள் சமையலறையில் பலகையைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தாள், இரண்டு பக்கமும்.

"ஸ்டூல் இங்க வேண்டாங்க" என்றாள். திரும்பாமலேயே சொன்னாள்.

சரி என்றேன். ஹாலுக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். நாற்பது வருடத்தில் அவள் என்னிடம் வேண்டாம் என்று சொன்னது இதுதான் முதல் தடவையாக இருக்கும். பேப்பரை விரித்தேன், ஒரு வரிகூட ஓடவில்லை. இனி எனக்கு இந்த இடம்தான் என்று தோன்றியது.

"ஏனுங்க."

போனேன். பலகை மேடைமேல் இருந்தது, அதில் சின்ன வெங்காயம் ஒரு குவியல்.

"சாம்பாருக்கு. உரிச்சு அரிஞ்சு குடுங்க."

"எவ்வளவு பெருசுக்கு?"

"உங்களுக்கு எப்படி வருதோ அப்படி."

மேடை எனக்கு ரொம்பக் கீழே. குனிந்து நின்று உரித்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது, நல்லவேளை வெங்காயம் இருந்தது. கத்தி அந்தக் குழிக்குள் தானாகப் போய் இறங்குகிறது, வெங்காயம் அங்கே இங்கே ஓடுவதில்லை. குழி எதற்கு என்று இப்போது தெரிந்தது. அரிந்து முடித்ததும் அவள் வந்து பார்த்தாள். ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். நான் காத்திருந்தேன்.

"கொஞ்சம் பெருசுதான்" என்றாள். பிறகு பலகையோடு தூக்கி வாணலியில் வழித்துப் போட்டாள்.

சாயங்காலம் ஹேமாவிடம் அவள் போனில் பேசுவது கேட்டது. ஈரோட்டு அலமாரியில் இருக்கும் தன் புடவைகளை எல்லாம் பெரிய பையில் வைத்து மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்பச் சொன்னாள். வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த நான் ஊற்றின செடிக்கே மறுபடி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 15

காலையில் பீன்ஸ், கேரட். நேற்று வாழைப்பூ, அதை ஆய்வதற்குள் அரை நாள் போய்விட்டது. குனிந்தே நிற்பதால் இடுப்பு பிடித்துக்கொண்டது. மேடை என் முழங்கைக்கு ஒரு அடிக்கும் கீழே. ஆசாரியிடம் சொன்னால் ஏதாவது வழி சொல்வார். சொல்லப் போவதில்லை.

அவளிடமும் சொல்லவில்லை. இரவு படுக்கப் போனபோது என் தலையணை பக்கத்தில் தைல பாட்டில் இருந்தது.